புட்டுக் குழல் பருமனில் ஒரு ஸ்டியரிங்

பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு கார் ஓட்டுகிற ஒரு மனிதரோடு திருகோணமலையிலிருந்து கிண்ணியாவரை போய் வந்து பாருங்கள். எனக்கு எவ்வளவு பொறுமை என்று அப்போது தெரியும். இதை வாசித்தால், "பொறுமையோ? உமக்கோ?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும். எழுதுகிறது நான்.

அவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டினவர். பெரிய கப்பல்கள் உள்ளே வரும்போது முன்னால் இழுத்தும் பக்கத்தில் முட்டித் தள்ளியும் சீனக்குடாப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினார். நான் வீட்டில் தையல் மெசினோடு இருக்கிறவள். அவரும் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் யாராவது ஒருவருக்கு விசர் பிடிக்கும் என்று இருவருக்கும் தெரியும். அதனால் நானும் கார் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடு தூரத்துக் கடையில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கவும் காரில்தான் போனார். போகிற வழியில் தெரிந்தவர்களை ஏற்றினார், அவர்களை இறக்கிவிட்டு இன்னொருவரை ஏற்றினார், பாண் மத்தியானத்துக்குத்தான் வீடு வந்தது. அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கலியாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை. எங்கள் கலியாண வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிறகு வலக்கை விரல் மூட்டுகளில் வாதம் வந்தது. மருந்து எடுத்தார், எண்ணெய் பூசினார், டொக்டர் சொன்ன கைப்பயிற்சி எல்லாம் செய்தார். நோ குறைந்தது. ஆனால் விரல்கள் பாதிக்கு மேல் மடங்க மறுத்துவிட்டன. கரண்டி கையில் நிற்காது. பேனை நிற்காது. ஒருநாள் பஸ் நிலையத்தடிச் சுற்றுவட்டத்தில் திருப்பும்போது ஸ்டியரிங்கும் கையில் நிற்கவில்லை. வழுக்கிவிட்டது. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் சட்டென்று ஒதுங்கியதால் ஒன்றும் நடக்கவில்லை. என் வீட்டுக்காரர் காரை ஓரங்கட்டினார். இறங்கி, முன்பக்கத்தால் சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்தார்.

"இறங்கும். நீர் ஓட்டும்."

எனக்கு லைசன்ஸ் இருந்தது. அவர் வற்புறுத்தி எடுப்பித்ததுதான். அன்றிலிருந்து நான் வலப்பக்கம், அவர் இடப்பக்கம். திரும்ப ஓட்டிப் பாருங்கோ என்று கேட்டால், "அந்தக் கதை வேண்டாம்" என்பார். மற்ற எல்லாக் கதையும் வேண்டும்.

"இஞ்ச பாரும், முன்னுக்கு மான்."

"தெரியுது."

"பிரேக்."

"தெரியுது."

"மானுக்குத் தெரியுமோ உமக்குத் தெரியுமெண்டு?"

எங்கள் ஊரில் மான்கள் தெருவில் நின்று பழத்தோல் தின்னும். கார் வந்தால் திரும்பிப் பார்க்கும், விலகாது. அவற்றைப் பார்க்கக் கண் எனக்கும் இருக்கிறது. ஆனால் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது அவருடைய வாய் அல்ல. வளைவு வரும்போது அவருடைய இரண்டு கைகளும் மடியில் மெல்லத் திரும்பும். இல்லாத ஸ்டியரிங்கை அவர் திருப்பிக்கொண்டிருப்பார். அது அவருக்கே தெரியாது. நான் தெருவைப் பார்க்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

வழி பிறந்தது குசினியில். எங்கள் வீட்டுப் புட்டுக் குழல் பழைய மூங்கில் குழல், வெளியே கயிறு இறுக்கிச் சுற்றியது. ஒருநாள் காலையில் நான் சம்பல் இடித்துக்கொண்டிருந்தேன். அவர் அவிந்த குழலை வலக்கையில் எடுத்து, இடக்கையால் தடியை விட்டுத் தள்ளிப் புட்டைத் தட்டில் இறக்கினார். ஒரு குழல் இறங்கியது, மறு குழலும் இறங்கியது. கரண்டி பிடிக்க மறுக்கிற அதே கையில் குழல் ஆணி அடித்தது போல நின்றது.

"இஞ்சேருங்கோ, அதை இன்னொருக்காப் பிடியுங்கோ."

"புட்டு முடிஞ்சுது."

"வெறுங்குழலைப் பிடியுங்கோ எண்டு சொல்லுறன்."

பிடித்தார். நான் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. முறுக்கினேன். வரவில்லை. அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் கையைக் கழுவாமலே வாசலுக்கு ஓடிப்போய்க் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தேன். ஒல்லியான பிளாஸ்டிக் வளையம். வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடந்து வெடித்து, மேலே பசை போலப் பிசுபிசுத்தது. இதை நல்ல கையாலும் பிடிக்க முடியாது. பருமனாக ஒன்று இருந்தால் அவருடைய மடங்காத விரல்களுக்கும் போதும், உள்ளங்கையே பிடித்துவிடும்.

அவரிடம் சொன்னேன். "கார் திருத்துற கராச்சிலை குடுத்து மாத்துவம்" என்றேன்.

"நாலு பேருக்கு முன்னாலை என்ரை விரலை விரிச்சுக் காட்டவோ? ஏலாது."

"அப்ப வீட்டிலை மாத்துவம்."

"ஆர்?"

"நான்தான். நீங்கள் வாயாலை ஓட்டுங்கோ, அதுதான் நல்லா வருமே."

கிண்ணியாவில் பழைய கார்ப் பாகங்கள் விற்கிற ஒரு முற்றம் இருக்கிறது. அதை நடத்துகிறவரை, அங்கே அண்ணனைக் கூப்பிடுகிற முறையில், நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு என் வீட்டுக்காரரை வீட்டுக் காவலுக்கு விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். கையில் புட்டுக் குழல். நானா குழலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, புட்டு அவிக்கவா வந்தீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். குழலைக் கையில் வாங்கி, தன் விரல்களை மடக்காமல் வைத்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய், கழற்றித் தொங்கவிட்ட ஸ்டியரிங்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் தோல் சுற்றிய, பிடிக்கிற இடத்தில் புடைத்த ஒன்றோடு வந்தார்.

"குழல் தடிப்புக்கு ஒரு கொம்பனியும் செய்யிறல்ல. இருக்கிறதுல இதுதான் தடிப்பு. உங்கட கார்ல உயர்ந்த ரகம் ஒண்டு வந்திச்சு, அதுட சாமான். நடு ஓட்டைக்குள்ள இருக்கிற பல்லெல்லாம் ஒண்டுதான், அப்படியே ஏறும்."

வீட்டில் மாற்றப் போகிறோம் என்றதும் நானா விரலை நீட்டி ஒவ்வொன்றாக எச்சரிக்கத் தொடங்கினார். முதலில் பற்றரியின் மறைக் கம்பியை, நெகட்டிவ் பக்கத்தை, கழற்ற வேண்டும். கழற்றிய உடனே கை வைக்கக் கூடாது, மிச்ச மின்சாரம் இறங்கும்வரை இருக்க வேண்டும். நடுவில் இருக்கிற எயார் பேக் எங்களுடையதையே திருப்பிப் போட வேண்டும், யாரோ கழற்றிய பழையதை வாங்கவே கூடாது. கழற்றினால் முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு கடதாசிகூட வைக்கக் கூடாது. நடு நட்டை முழுக்கக் கழற்றாமல் கடைசிப் புரியில் விட்டுவிட்டு ஆட்டி இழுக்க வேண்டும்.

"முழுக்கக் கழட்டினா என்ன நானா?"

"வளையம் திடீரெண்டு வரும் தங்கச்சி. மூக்குல வந்து நிக்கும்."

கடைசியாக ஒன்று சொன்னார். கழற்ற முன்னம் காரின் முன்சில்லு இரண்டும், முன் சக்கரங்கள்தான், நேராக நிற்க வேண்டும், புதியதும் நேராக ஏற வேண்டும். நீளப் பிடி ஸ்பனர் ஒன்றும் இரவல் தந்தார். நட்டு அளவாக இறுகியதும் "டிக்" என்று சத்தம் போடுகிற ஸ்பனர்.

வீட்டுக்கு வந்து அந்தத் தோல் வளையத்தின் மேல் இன்னொரு தடித்த தோல் சுற்றி, இரண்டு ஊசியால் இழுத்து இழுத்துத் தைத்தேன். சட்டை தைக்கிறவளுக்கு இது புதிது. ஆனால் உறை வழுக்கினால் ஸ்டியரிங் மாற்றியே பயனில்லை என்று எனக்குத் தெரியும். தைத்து முடித்து இரண்டு கையாலும் முறுக்கினேன், உறை அசையவில்லை. அவரிடம் கொடுத்தேன். பிடித்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் திருப்பித் தந்தார். 

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினோம். பொனட்டைத் திறந்து மறைக் கம்பியைக் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கிவைத்தேன். இருக்க வேண்டிய நேரத்துக்குத் தேத்தண்ணி போட்டேன். குடித்து முடித்தேன். எழும்பினேன். "இன்னொண்டு போடும்" என்றார். கடலில் எந்தக் காற்றுக்கும் அசையாத மனிதர், எயார் பேக்குக்குப் பயந்து இரண்டு தேத்தண்ணி குடித்தார்.

"அது வெடிச்சா முகத்திலை குண்டு விழுந்த மாதிரி."

"வாசலிலை நிண்டு அந்தச் சொல்லைச் சொல்லாதையுங்கோ. இந்த ஊரிலை அதுக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டி வரும்."

அடுத்தது முன்சில்லை நேராக வைப்பது. இங்கேதான் பொட்டு வருகிறது. விஜயதசமிக்கு வருசா வருசம் நான் தையல் மெசினுக்கும் கத்தரிக்கோலுக்கும் காருக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். காரில் ஸ்டியரிங்கின் நடு உச்சியில் ஒரு பொட்டு. வைத்து வைத்து அந்த இடத்தில் பிளாஸ்டிக்கே செம்மண் நிறமாகிவிட்டது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அசைத்துப் பொட்டைச் சரியாக உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். சில்லுகளைக் குனிந்து பார்த்தோம், நேராகத்தான் தெரிந்தன.

அவர் கண்ணைச் சுருக்கினார். "நடுவிலை இருக்கிற கொம்பனிச் சின்னம் கொஞ்சம் சரிஞ்சு நிக்குது போலை."

"சின்னம் ஜப்பான்காரன் ஒட்டினது. பொட்டு பூசையிலை வைச்சது. எதை நம்புறது?"

அவர் யோசித்தார். "பொட்டைத்தான்" என்றார்.

சாமி மேல் பாரத்தைப் போட்டு வேலையைத் தொடங்கினேன். பக்கத்து ஆணிகள் இரண்டையும் கழற்றி, எயார் பேக்கை உடம்போடு அணைக்காமல் தூக்கி, வயரைக் கழற்றினேன். அதை அவர் இரண்டு உள்ளங்கையிலும் பிரசாதத் தட்டு ஏந்துவது போல ஏந்திக்கொண்டு போய் முன்னறை மூலையில் முகம் மேலே பார்க்க வைத்தார். பிறகு அந்த மூலைக்கு முன்னால், தான் இருந்து தேத்தண்ணி குடித்த கதிரையைக் குறுக்கே போட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். யாரைத் தடுக்க அந்தக் கதிரை என்று நான் கேட்கவில்லை.

நட்டு லேசில் அசையவில்லை. அவர் குனிந்து இரண்டு முழங்கையையும் ஸ்டியரிங்குக்குள் விட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல் மடங்காவிட்டால் என்ன, தோள் இருக்கிறதே. நான் ஸ்பனரில் தொங்கினேன். "க்ரீச்" என்றது. கடைசிப் புரிவரை கழற்றிவிட்டு, இடமும் வலமுமாக ஆட்டி இழுத்தேன். "டொக்!" வளையம் என் மூக்கை நோக்கிப் பாய்ந்து, நட்டில் முட்டி நின்றது. நானா நீடூழி வாழ வேண்டும்.

மிச்சம் சுகமாக நடந்தது. உள்ளே சுருண்டிருந்த வயர்த் தட்டைச் சுற்றவிடாமல் ஒட்டுநாடாவால் ஒட்டி, புதிய வளையத்தை நேராகப் பார்த்து ஏற்றும்போது அந்த நாடாவை எடுத்துவிட்டேன். நட்டை "டிக்" என்று சத்தம் வரும்வரை இறுக்கினேன். எயார் பேக்கைப் பூட்டிவிட்டுக் கடைசியாகத்தான் பற்றரிக் கம்பியைக் கொழுவினேன். சாவியைத் திருப்பியதும் எயார் பேக் விளக்கு எரிந்து அணைந்தது. எல்லாம் சரி என்று அதற்கு அர்த்தம். ஹோனை ஒருக்கால் அடித்தேன். சந்தோசத்தில் இன்னொருக்காலும் அடித்தேன்.

"நீர் ஓட்டிப் பாரும்" என்று இடப்பக்கம் ஏறிக்கொண்டார். நான் ஏன் இவ்வளவு பாடுபட்டேன் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் ஏறினார். எனக்குக் கோபம் வந்தது. காரை உள்துறைமுக வீதிப் பக்கம் மெதுவாக விட்டேன்.

ஞாயிறு, வீதி வெறிச்சோடிக் கிடந்தது. கார் நேராகப் போகிறது, ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது. இரண்டு விரல் அகலம் வலப்பக்கம் சரிந்து நின்றால்தான் கார் நேரே போகும். நேராக வைத்தால் இடப்பக்கம் இழுத்தது.

"நிப்பாட்டும்." குனிந்து பார்த்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது.

"என்ன சிரிப்பு?"

"எங்கடை வாசலிலை கார் எப்பிடி நிக்கும்?"

யோசித்தேன். எங்கள் வாசலில் கிணற்றுக்கட்டு இடைஞ்சல். முதல் நாளிலிருந்தே கடைசியாக ஒரு சின்ன இடத் திருப்பம் திருப்பித்தான் காரை நிறுத்துவோம். அவரும் அப்படித்தான், நானும் அப்படித்தான். அந்தத் திருப்பத்தோடு நிற்கிற ஸ்டியரிங்கின் உச்சியைப் பார்த்துத்தான் ஒவ்வொரு விஜயதசமிக்கும் நான் பொட்டு வைத்திருக்கிறேன். என் பொட்டு எங்கள் கிணற்றடிக்குச் சரி. தெருவுக்குத்தான் பிழை.

"கோணலா நிப்பாட்டினது நீங்கள்."

"கோணலிலை பொட்டு வைச்சது நீர்."

"இவ்வளவு காலம் ஓட்டினீங்கள், பொட்டு சரிஞ்சிருக்கிறது தெரியேல்லையோ?"

"தெருவைப் பாக்கிறதோ, பொட்டைப் பாக்கிறதோ? அப்பவே சின்னம் சரிவெண்டு நான் சொன்னனான்!"

"பொட்டைத்தான் நம்புறன் எண்டும் நீங்கள்தான் சொன்னீங்கள்!"

இருவருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடல் பக்கத்து மதிலடியில் நின்ற மான் ஒன்று மெல்லுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, வீட்டை போய் ஒரு பல்லு மாத்திப் போடுவம்" என்றேன்.

"எந்த நேரை வைச்சு? திரும்ப வாசலிலை வைச்சோ? படகைக் கட்டி வைச்ச இடத்திலை சுக்கான் நேரைப் பாக்கிறேல்லை. ஓடுற தண்ணியிலைதான் பாக்கிறது." கதவைத் திறந்து இறங்கினார். முன்பக்கத்தால் சுற்றி வந்து என் கதவைத் திறந்தார். "விலத்தும். நான் பாக்கிறன்."

நான் இறங்கிவிட்டேன். இடப்பக்கம் ஓடி ஏறினேன். அவர் சாவியைத் திருப்பினார், இரண்டு கைகளையும் வளையத்தில் வைத்தார். அவருக்கு நேர் எது என்பதில்தான் கவனம். தான் எந்த இருக்கையில் இருக்கிறேன் என்ற நினைவே இல்லை. தோல் அவருடைய உள்ளங்கை நிறைய இருந்தது. மடங்காத விரல்கள் அதன் மேல் சும்மா படுத்துக் கிடந்தன, பிடித்தது உள்ளங்கை. கார் மெல்லக் கிளம்பி, கடல் பக்கமாக, கோடு போட்டது போல ஓடியது. நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, இந்த முறை சிரிப்பால் அல்ல.

"இந்தா, இதுதான் நேர். சோக்கட்டி எங்கை? கோடு போடும்!"

கார் நின்றதும், என் கைப்பையில் எப்போதும் கிடக்கிற தையல் சோக்கட்டியால் வளையத்திலும் அதன் கீழே திரும்பாமல் நிற்கிற மூடியிலும் நேருக்கு நேராகக் கோடு போட்டேன். கோடு நேராக விழுந்தது. அப்போதுதான் அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். இருந்த இருக்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஓட்டிட்டன், என்ன?"

"ஓம்" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பவும் அவர்தான் ஓட்டினார். திரும்பப் பற்றரியைக் கழற்றினோம், திரும்ப இரண்டு தேத்தண்ணி, திரும்ப எயார் பேக்குக்குக் கதிரை. கோட்டுக்குக் கோடு பார்த்து, ஒரு பல்லு தள்ளி ஏற்றி, "டிக்" என்று கேட்கும்வரை இறுக்கினேன். நான் குங்குமச் சிமிழை எடுத்து வந்தபோது கையை நீட்டித் தடுத்தார்.

"இஞ்சை வேண்டாம் தாயே. தெருவுக்குப் போய் நேரா நிப்பாட்டித் தாறன், அங்கை வையும்."

அப்படித்தான் வைத்தேன். இன்றைக்கும் எங்கள் பொட்டு வாசலில் நிற்கும்போது சரிந்து நிற்கும், தெருவில் நேராக நிற்கும்.

பின்நேரம் நானாவின் ஸ்பனரைத் திருப்பிக் கொடுக்கக் கிண்ணியாவுக்குப் போனோம். அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம். வழிநெடுக வாய் மூடவில்லை. கடலைப் பற்றி, கப்பலைப் பற்றி, முன்னால் போன லொறிக்காரனைப் பற்றி. வாய் மூடுமென்று நான் இவ்வளவும் செய்தேனாக்கும்! பாலம் வருவதற்கு முன்னால் ஒரு வளைவு. அவர் திருப்பினார். என் மடியில் என் கைகள் இரண்டும் தாமாகத் திரும்பின. சட்டென்று சேலைக்குள் ஒளித்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"என்ன, நீர் ஓட்டப் போறீரோ? நிப்பாட்டட்டோ?"

"வேண்டாம்" என்றேன். "நீங்களே ஓட்டுங்கோ."